வேன் வாங்குமுன் மிதிவண்டியை அளப்போம்

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது பெரியோர் வாக்கு. பழைய வேன் வாங்கப் புறப்படும் இளைஞர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடையாது. விடுமுறை நாள்களில் நண்பர்களோடு மிதிவண்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போய் ஓட்டிவரும் பழக்கம் நம் மாணவர்களிடையே இருக்கிறது. ஐந்தாறு பேர் சேர்ந்தால் உடனே எழும் பேச்சு, ‘ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பழைய வேன் வாங்கிவிடலாமா?’ என்பதுதான். நல்ல எண்ணமே. ஆனால் விலையையும் வண்டியின் பளபளப்பையும் மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் பணம் போவதோடு நில்லாமல் உயிருக்கும் ஆபத்து நேரலாம். அப்படிப்பட்ட வேனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். தூய தமிழில் இதனை ‘மூடுந்து’ எனலாம். ஆனால் வண்டி விற்பவரிடம் போய் மூடுந்து இருக்கிறதா என்று கேட்டால் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆகவே இங்கு வேன் என்றே எழுதுகிறேன்.

தங்காக்கிற்கு வேன் எதற்கு?

துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற எங்கள் தங்காக், மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஏற்ற ஊர்தான். ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த மலையான 1,276 மீட்டர் உயர லேடாங் மலை பக்கத்திலேயே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் சாகில், மறுபக்கம் மலாக்கா மாநிலத்தின் ஆசாகான், கடற்கரைப் பக்கம் மூவார் என எத்திசை போனாலும் பார்க்க ஏதேனும் உண்டு. ஆனால் மூவாரையும் தங்காக்கையும் சிகாமட்டையும் இணைக்கும் 23ஆம் எண் கூட்டரசுச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் ஓடுகின்றன. புதிதாக ஓட்டப் பழகும் தம்பி தங்கைகளை அச்சாலையில் விட எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலோ மிதிவண்டிக்கு இடமே இல்லை. கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கும் நமக்கு, புத்ராஜெயாவின் அகன்ற சாலைகளோ, கோலாலம்பூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைக் ‘கார் இல்லாக் காலை’ ஓட்டமோ, போர்ட்டிக்சன் கடற்கரையோ வேண்டுமென்றால் மிதிவண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் ஆகவேண்டும். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜொகூர் பாரு உள்வட்டச் சாலையில், அதிகாலை இருளில் மிதிவண்டி ஓட்டிய பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி மாண்ட துயரத்தை நாம் மறந்திருக்க முடியாது. பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்திற்கு அழைத்துச் சென்று ஓட்டவைப்பது வீண் ஆடம்பரமன்று என்பதற்கு அந்த ஒரு நிகழ்வே போதும்.

காரின் பின்புறம் மாட்டும் தாங்கி இருக்கிறதே எனச் சிலர் கேட்கலாம். இரண்டு மிதிவண்டிகள் என்றால் அதுவே மலிவான வழி. ஆனால் அது எண் பட்டையையோ பின்விளக்கையோ மறைக்கக் கூடாது, மறைத்தால் குற்றம். மூன்று நான்கு மிதிவண்டிகளைப் பின்னால் தொங்கவிட்டு, அவை எதையும் மறைக்காமல் பார்த்துக்கொள்வது எளிதன்று. மழையும் வெயிலும் அவற்றின்மேல் படும். வழியில் சாப்பிட இறங்கினால் கண்காணிக்க ஓர் ஆளை நிறுத்தவேண்டும். நான்கைந்து மிதிவண்டிகள் என்னும்போதுதான் வேன் தேவைப்படுகிறது.

முதல் கேள்வி: எத்தனை பேர், எத்தனை மிதிவண்டி?

பலரும் ‘எந்த வேன் நல்லது?’ என்று கேட்டுக்கொண்டுதான் தேடத் தொடங்குகிறார்கள். அதைவிட முந்தியது, ‘ஒரே நேரத்தில் எத்தனை பேரையும் எத்தனை மிதிவண்டியையும் ஏற்றப் போகிறோம்?’ என்னும் கேள்வி. இதற்கு விடை தெரியாமல் வண்டி பார்க்கப் போவது, ஆளை அளக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது.

மிதிவண்டியின் அளவை முதலில் தெரிந்துகொள்வோம். மலையேறும் மிதிவண்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமும் கொண்டது. அதன் கைப்பிடி 75 சென்டிமீட்டர் அகலம் வரும். சாலை மிதிவண்டி 1.7 மீட்டர் அளவு நீளம். கைப்பிடி 42 சென்டிமீட்டர் அளவுதான். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் இரண்டுமே ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒன்றின் முன்பக்கமும் அடுத்ததன் பின்பக்கமும் மாறி மாறி வரும்படி நிறுத்தினால் கைப்பிடிகள் இடிக்காது. அப்படி நிறுத்தும்போது ஒரு சாலை மிதிவண்டிக்கு 30 சென்டிமீட்டர், மலையேறும் மிதிவண்டிக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் அகலம் ஒதுக்கினால் போதும்.

இனி ஒரு கணக்கு. வேனின் தரைத்தளம் 2 மீட்டர் நீளம், பின்சக்கர வளைவுகளுக்கு இடையே 1.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சாலை மிதிவண்டியென்றால் நான்கு நிற்கும். மலையேறும் மிதிவண்டியென்றால் மூன்றுதான். பலர் சக்கர வளைவை மறந்துவிட்டு, சுவருக்குச் சுவர் அளந்து ஏமாந்துபோகிறார்கள். ஆகவே அளவு நாடாவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். நான்கு இடங்களை அளக்கவேண்டும்: தரையின் நீளம், சக்கர வளைவுகளின் இடைவெளி, உள்உயரம், பின்கதவுத் திறப்பின் உயரம். உள்ளே 1.3 மீட்டர் உயரம் இருந்தும் கதவுத் திறப்பு ஒரு மீட்டர்தான் என்றால், ஒவ்வொரு முறையும் இருக்கைத் தண்டை இறக்கித்தான் ஏற்றவேண்டியிருக்கும். இதைவிட எளிய வழியும் உண்டு: குழுவிலேயே பெரிய மிதிவண்டியை விற்பவர் இருக்குமிடத்திற்கே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். நேர்மையான விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

எடையையும் கூட்டிப் பார்க்கவேண்டும். 13 கிலோ வீதம் ஐந்து மிதிவண்டிகள் 65 கிலோ. 70 கிலோ வீதம் ஐந்து பேர் 350 கிலோ. பை, தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்ந்து 50 கிலோ. ஆக 465 கிலோ. மிதிவண்டிகளைவிட ஆள்களின் எடையே பல மடங்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள். இச்சுமையைத் தாங்க அந்த வேன் அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதை அதன் எடைத் தகட்டில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இருக்கை வார் எத்தனையோ, ஆள் அத்தனை

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுதான். நம் நாட்டில் கிடைக்கும் பழைய வேன்கள் இரண்டு வகை. முன்வரிசைக்குப் பின்னால் சன்னலும் இருக்கையும் இல்லாத சரக்கு வேன் ஒன்று. இதனைப் பேனல் வேன் என்பர். சன்னலும் இரண்டு மூன்று வரிசை இருக்கையும் உள்ள பயணிகள் வேன் மற்றொன்று. மிதிவண்டி ஏற்ற இடம் அதிகம் என்பதாலும் பெரும்பாலும் விலை மலிவு என்பதாலும் இளைஞர்களின் கண் முதலில் பேனல் வேன்மீதுதான் விழும். முன்னால் இருவர் உட்கார, மற்றவர்கள் பின்னால் மிதிவண்டிகளுக்கிடையே பாய் விரித்து உட்கார்ந்துகொள்வது என்று திட்டம் போடுவார்கள்.

இத்திட்டத்தை அடியோடு கைவிடவேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வேன் எதன்மீதாவது மோதி 60 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் அதன் எடையைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு விசையால் பிடித்து நிறுத்தவேண்டும். 13 கிலோ மிதிவண்டிக்கு அது 200 கிலோவைத் தாண்டும். கட்டப்படாத மிதிவண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் அது முன்னோக்கிப் பறக்கும். நடுவில் இருப்பவர் யாராயினும் அவர் தலையே அதற்குத் தடுப்பு. நெடுஞ்சாலை வேகத்தில் இது எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. சரக்கு வைக்கும் இடம் ஆள் உட்காரும் இடமன்று. தனியார் கார்களில் பின்னிருக்கைப் பயணிகளும் இருக்கை வார் அணியவேண்டும் என்ற விதி 2009 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பழைய வேன்கள் சிலவற்றில் பின்வரிசைக்கு வாரே இருக்காது. அல்லது இடுப்பு வார் மட்டும் இருக்கும். வேன் பார்க்கப் போகும்போது இயந்திரத்தைத் திறக்குமுன் வார்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் இழுத்து, மாட்டி, விடுவித்துப் பாருங்கள். ஐந்து பேர் போகவேண்டுமானால் வேலை செய்யும் ஐந்து வார் வேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது பொருந்தும்? இருவர் மட்டும் வேனில் செல்ல, மற்றவர்கள் காரிலோ பேருந்திலோ வந்து சேர்வதானால் பேனல் வேன் மிகச் சிறந்தது. நான்கைந்து பேர் ஒன்றாகச் செல்வதானால், கடைசி வரிசை மடங்கக்கூடிய சன்னல் வேன்தான் சரி. இரண்டாம் வரிசையில் ஆள், அதன் பின்னால் மிதிவண்டி என்பதே முறை. சன்னல் வேனில் ஒரு குறையும் உண்டு. உள்ளே இருக்கும் மிதிவண்டிகள் வெளியில் தெரியும். ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டால் அக்குறை பெருமளவு தீரும்.

சந்தையில் கிடைப்பவை

நம் சாலைகளில் அதிகம் காணக்கூடிய சில வேன்களைப் பார்ப்போம்.

நிசான் வனெட் (சி22). பள்ளி வேனாகவும் சந்தை வேனாகவும் நாம் பார்த்துப் பழகியது. இயந்திரம் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கும், பின்சக்கரங்கள் இழுக்கும். அமைப்பு எளிது, பழுது பார்க்கத் தெரிந்தவரும் பல ஊர்களில் உண்டு. ஆனால் இப்போது கிடைப்பவை எல்லாம் வயதானவை. துருவும் தேய்மானமும்தான் இதன் எதிரிகள். வயதுக்கேற்ப மெதுவாக ஓட்டவேண்டிய வண்டி. நெடுஞ்சாலையில் விரைந்து செல்ல நினைப்போருக்கு ஏற்றதன்று.

பெரோடுவா ரூசா. 1996 முதல் 2007 வரை விற்கப்பட்டது. டைஹாட்சு செப்ரா வேனின் அடிப்படையில் அமைந்தது. சிறியது, குறுகிய சாலைகளுக்கு வசதியானது. இரண்டு மூன்று மிதிவண்டிகளோடு மூவாருக்கும் சாகிலுக்கும் போய்வரப் போதுமானது. ஐந்து பேரையும் ஐந்து மிதிவண்டிகளையும் ஏற்றி மலைச்சாலை ஏறும் எண்ணம் இருந்தால் இதனை விட்டுவிடலாம்.

தோயோத்தா ஹையேஸ். 2004இல் உலகச் சந்தைக்கு வந்த தலைமுறையின் நீண்ட உடல் வகை 4.7 மீட்டர் அளவு நீளமானது. இரண்டாம் வரிசையில் ஆள்களை அமரவைத்த பின்னரும் மிதிவண்டிகளுக்கு நல்ல இடம் இருக்கும். உழைப்புக்குப் பெயர்பெற்றது; அதனாலேயே பழையதாயினும் விலை இறங்காது. பெரும்பாலும் வணிகத்தில் கடுமையாக உழைத்தபின் விற்பனைக்கு வருவதால் ஓடிய தூரத்தைக் கவனமாகப் பார்க்கவேண்டும். டீசல் வகையாயின் எரிபொருள் கணக்கும் முக்கியம். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ‘டீசல் என்றால் சிக்கனம்’ என்ற பழைய கணக்கு அன்றோடு மாறிவிட்டது.

நிசான் என்வி200. உலக அளவில் 2009இல் அறிமுகமானது. 1.6 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் முன்மூக்கில் இருக்கிறது, முன்சக்கரங்கள் இழுக்கின்றன. எனவே பின்புறத் தரை மிகவும் தாழ்வு. மிதிவண்டியைத் தலைக்கு மேல் தூக்காமல் உருட்டியே ஏற்றிவிடலாம். சரக்கு வகையில் தரை ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். இதிலும் பேனல், சன்னல் என இரு வகை உண்டு என்பதால் இருக்கை வார் விதியை மறக்கவேண்டாம்.

வேனே வேண்டாம் என்போருக்கு 2009இல் வெளிவந்த புரோட்டோன் எக்சோரா, பெரோடுவா அல்சா போன்ற பல்பயன் வண்டிகள் உள்ளன. பின்வரிசைகளை மடித்து, முன்சக்கரம் கழற்றிய இரண்டு மிதிவண்டிகளை ஏற்றலாம். வாரநாளில் குடும்பத்திற்கும் வார இறுதியில் மிதிவண்டிக்கும் என ஒரே வண்டி போதும் என்பவர்களுக்கு இவை பொருந்தும்.

உடலைப் பார்த்தபின் இயந்திரம்

பழைய வேனில் இயந்திரத்தைப் பழுது பார்த்துவிடலாம், மாற்றியும்விடலாம். அடிச்சட்டம் துருப்பிடித்துவிட்டால் அதை மீட்பது மிகக் கடினம். ஆகவே முதலில் குனிந்து அடியில் பாருங்கள். சட்டத்தின் நீளவாட்டப் பகுதிகள், பின்சக்கர வளைவின் உட்புறம், இழுவைக் கதவின் கீழ்த்தடம், பின்கதவின் அடிவிளிம்பு, தரை விரிப்புக்கு அடியில் உள்ள தகரம் ஆகியவற்றைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். மீன் ஏற்றிய வேனாயின் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தரையை அரித்திருக்கும்.

ஜொகூரில் வண்டி வாங்குவோர் வெள்ளத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். 2006 டிசம்பர் முதல் 2007 ஜனவரி வரையிலும், 2011 ஜனவரி இறுதியிலும், 2023 மார்ச்சிலும் நம் மாநிலத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. நீரில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, கருவிப் பலகைக்கு அடியில் உலர்ந்த மண், நறுமணத் தெளிப்பையும் மீறி வரும் பூஞ்சை வாடை இவையெல்லாம் அடையாளங்கள். வனெட், ஹையேஸ் போன்றவற்றில் முன்னிருக்கையைத் தூக்கி இயந்திர அறையின் மூலைகளையும் பார்க்கவேண்டும்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பதே முறை. நாம் வருமுன்பே விற்பவர் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். முதல் முறை முடுக்கும்போது வரும் புகையைப் பாருங்கள். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. நீண்ட நேரம் நிற்காமல் வரும் வெண்புகை என்றால் குளிர்நீர் கசியக்கூடும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டுமே திறந்து, நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா எனப் பாருங்கள். கிளட்ச், கியர், பிரேக் ஆகியவற்றைச் சமதரையில் மட்டும் சோதித்தால் போதாது. நண்பர்கள் நால்வரையும் வாரோடு உட்காரவைத்து, ஒரு மேட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். வெறும் வேன் நன்றாக ஓடும். சுமையோடு ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

சக்கரங்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ தேயாமல் இருந்தாலும் பல ஆண்டு பழைய சக்கரம் நெடுஞ்சாலைக்கு உதவாது. மலிவாகக் கிடைக்கிறதென்று காருக்குரிய சக்கரத்தை மாட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்கவேண்டும். வேனுக்குச் சுமை தாங்கும் வகையே வேண்டும்.

புகைபோக்கிக் குழாயில் ஓட்டை இருந்தால் அதைச் சத்தத் தொல்லையாக மட்டும் எண்ணவேண்டாம். கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. களைத்துப்போன ஓட்டக்காரர்கள் இயந்திரத்தையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு வேனுக்குள் தூங்குவது வழக்கம். 2020ஆம் ஆண்டு பட்டர்வொர்த்தில் ஓர் எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்தி உறங்கிய இளம்பெண்களுள் மூவர் இறந்தபோது, இந்நச்சு வாயுவே காரணம் எனச் செய்திகள் கூறின. குழாயைச் சரிசெய்துவிட்டாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்து ஓய்வெடுப்பதே நன்று.

தாள்கள் பேசும் உண்மை

வண்டி பிடித்துவிட்டது என்பதற்காக உடனே முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. ‘கிரான்’ என நாம் அழைக்கும் பதிவுச் சான்றை வாங்கிப் படிக்கவேண்டும். அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா? வங்கியின் உரிமைக் கோரல் நீக்கப்பட்டுவிட்டதா? எத்தனை இருக்கை, என்ன பயன்பாடு எனப் பதியப்பட்டுள்ளது? சன்னல் வெட்டியிருந்தாலோ, இருக்கையைக் கூட்டியோ குறைத்தோ இருந்தாலோ அம்மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியோடு நடந்ததா? நாமே பின்வரிசையை நிரந்தரமாகக் கழற்ற நினைத்தாலும் முதலில் இலாகாவிடம் கேட்கவேண்டும்.

பெயர் மாற்றத்திற்கு முன் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பி5 சோதனை நடக்கும். அது முக்கியமாக வண்டியின் அடையாளத்தைச் சரிபார்ப்பது. இயந்திரம் இன்னும் ஐந்தாண்டு உழைக்கும் என்பதற்கான உறுதிச்சீட்டு அன்று. ஆகவே நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைத் தனியாக அழைத்துப்போய்க் காட்டுவது அவசியம். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

காப்புறுதியில் கவனிக்கவேண்டியவை இரண்டு. தனியார் காராகப் பதியப்பட்டதற்கு இழப்பீடு கோராமைக் கழிவு 55 விழுக்காடு வரை உயரும். வணிக வாகனத்திற்கு அது 25 விழுக்காட்டோடு நின்றுவிடும். விலை மலிவான சரக்கு வேன் ஆண்டுதோறும் கூடுதல் செலவு வைக்கலாம். சாலை வரியும் பதிவு வகைக்கேற்ப மாறும். சரக்கு வாகன உரிமம் தேவைப்படுமா என்பதைத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது. இரண்டாவது, வழக்கமான காப்புறுதிப் பத்திரத்தில் நம் வண்டியில் பயணம் செய்யும் நண்பர்கள் தொடுக்கும் வழக்கிற்கான பொறுப்பு தானாகவே அடங்குவதில்லை. ‘பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு’ என்ற கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்கவேண்டும். நண்பர்களை ஏற்றிச் செல்லவே வாங்கும் வேனுக்கு இது இன்றியமையாதது.

ஓட்டுவதற்கு நம்மில் பலர் வைத்திருக்கும் டி வகை உரிமம் போதும். வெற்று எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளை அதனைக் கொண்டு ஓட்டலாம். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களை ஏற்றிச் சென்றால் அது வேறு கதை. அதற்குத் தனி உரிமங்கள் உண்டு.

கூட்டாக வாங்கும் நண்பர்கள் இன்னொன்றையும் பேசித் தீர்க்கவேண்டும். ஐந்து பேர் பணம் போட்டாலும் கிரானில் ஒருவர் பெயர்தான் இருக்கும். சம்மன் வந்தாலும் விபத்து நேர்ந்தாலும் முதலில் அழைக்கப்படுபவர் அவரே. எனவே யார் எவ்வளவு போட்டார், சாலை வரியையும் பழுதுச் செலவையும் எப்படிப் பகிர்வது, பட்டம் பெற்று வேலைக்குப் போகும் ஒருவர் விலகினால் அவர் பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஐவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருந்தால் வேனும் நிலைக்கும், நட்பும் நிலைக்கும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

வயதான வேனுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். பெரும்பாலும் ரொக்கமாகவே வாங்கவேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, ஐவர் ஆளுக்கு 3,000 ரிங்கிட் போட்டு 15,000 ரிங்கிட் சேர்த்ததாகக் கொள்வோம். 15,000 ரிங்கிட்டுக்கே வேன் தேடினால் முதல் மாதத்திலேயே கையைப் பிசைய நேரும். பெயர் மாற்றம், காப்புறுதி, சாலை வரி, நான்கு சக்கரங்கள், பேட்டரி, எண்ணெய் மாற்றம், வார்பட்டைகள், மிதிவண்டி கட்டும் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மொத்தத்தில் கால் பங்கையாவது ஒதுக்கிவைத்துவிட்டு, 11,000 ரிங்கிட்டுக்குள் வேன் தேடுவதே அறிவுடைமை. பழைய வண்டியில் விலை என்பது முதல் தவணைதான். மீதத்தைப் பட்டறையில் கட்டுவோம்.

ஏற்றும் முறை

சரியான வேனை வாங்கியபின் மிதிவண்டிகளைத் தவறாக ஏற்றினால் செய்த முயற்சியெல்லாம் பாழ். தடித்த பலகை ஒன்றில் முன்கவை பொருத்தும் இரும்புத் தாங்கிகளை வரிசையாகத் திருகி, அப்பலகையை வேனின் தரையில் உள்ள சுமை வளையங்களோடு இறுகக் கட்டிவிட்டால் நல்ல நிலைத் தாங்கி தயார். நம் மிதிவண்டியின் அச்சு விரைவாகக் கழற்றும் வகையா, உள்ளே செருகித் திருகும் வகையா என்பதைப் பார்த்து அதற்குரிய தாங்கியை வாங்கவேண்டும்.

அதன்பிறகு ஒவ்வொரு மிதிவண்டியையும் தனித்தனி வார்பட்டையால் சட்டத்தோடு கட்டவேண்டும். ரப்பர்க் கயிறு ஆடாமல் பிடிக்க உதவும், மோதலில் தாங்காது. கார்பன் சட்டத்தை இறுக்கிக் கட்டினால் விரிசல் விழும் என்பதால், இருக்கைத் தண்டுக்குக் கீழே துணி சுற்றிக் கட்டுங்கள். பல்சக்கரம் உள்ள பக்கம் அடுத்த மிதிவண்டியில் உரசாதபடி இடையே பழைய போர்வையைச் செருகுங்கள். நீரழுத்தத் தட்டு பிரேக் உள்ளவற்றில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கிடையே சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைக்கவேண்டும். தெரியாமல் யாராவது பிடியை அழுத்திவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் நுழையாது. சேற்றோடும் கடல் நீரோடும் திரும்பும்போது தரையில் ரப்பர் விரிப்பு இருக்கட்டும். வீடு சேர்ந்ததும் அதைத் தூக்கித் தரையைத் துடைத்துவிட்டால் வேனின் ஆயுள் நீளும்.

‘கார் இல்லாக் காலை’ போன்ற ஓட்டங்களுக்கு விடியற்காலையிலேயே போய்ச் சேரவேண்டும். தங்காக்கிலிருந்து அதிகாலை இருட்டில் புறப்படவேண்டியிருக்கும் என்பதால் ஓட்டுபவர் முந்திய இரவு நேரத்தோடு தூங்கியிருக்கவேண்டும். திரும்பும்போது ஓட்ட, அதிகம் மிதிக்காத ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

நிறைவாக

இவ்வளவையும் பார்த்துத்தான் ஒரு பழைய வேன் வாங்கவேண்டுமா எனச் சலிப்பு ஏற்படலாம். எண்ணிப் பார்த்தால் இவை அனைத்தும் ஓர் அரை நாள் வேலைதான். ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாக எழுதுங்கள்: ஆள் எண்ணிக்கை, மிதிவண்டி எண்ணிக்கை, இருக்கை வார், தரை அளவு, துரு, வெள்ளம், இயந்திரம், கிரான், காப்புறுதி. முதல் மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த வேன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பழைய வேன் அடுத்த வாரமும் கிடைக்கும். ஐந்து வார் உள்ள வேனில் ஆறாவது நண்பர் ஏற வந்தால், அவரைப் பேருந்தில் வரச் சொல்லுங்கள். அவருடைய மிதிவண்டியை மட்டும் நம்மோடு ஏற்றிக்கொள்ளலாம்.